அட்டையில் அச்சிடாத பாதி வசனம்

மாண்டலேயிலிருந்து ரங்கூனுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பெண் எனக்கு எழுதிய கேள்வி இது. அவளுக்கும், அவளுக்கு முன் அவளுடைய அப்பாவுக்கும், ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவள் நான். அவள் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். அதில் வரும் வாக்குத்தத்த அட்டை என்பது, புது வருடத்துக்கென்று சபையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வசனச் சீட்டு.

"டீச்சரம்மா, 2024 டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை ஏசாயா 54:10. 'என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும், என் சமாதானத்தின் உடன்படிக்கை நிலைபெயராமலும் இருக்கும்' என்று இருந்தது. மார்ச் 28ஆம் தேதி நிலநடுக்கத்தில் எங்கள் வீடு விழுந்தது. பெரியம்மா உள்ளே இருந்தார்கள். தேவன் உடன்படிக்கையை மறக்காதவர் என்று சபையில் பாடும்போது எனக்கு வாய் திறக்க வரவில்லை. உங்கள் குடும்பத்தில் ஏதோ பாவம் இருக்கிறது, அதனால்தான் வாக்குத்தத்தம் பலிக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். அவர் வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்று நான் எதை வைத்து நம்புவது?"

மகளே, உன் கேள்வியில் அந்த மனிதர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். ஊரெல்லாம் பேசிய அந்தச் செய்தியை இயேசுவே எடுத்துக் கேட்கிறார்: எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் அந்தப் பதினெட்டுப் பேர் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ? அப்படியல்ல என்று பதிலையும் அவரே சொல்கிறார். பிறகு கதை கேட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். இடிபாட்டுக்கு வெளியே நின்று பேசுகிறவர்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை. அன்று வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்குச் சற்று முன், நிலத்துக்கு அடியில் ஓடும் சகாயிங் பிளவு 7.7 அளவில் அசைந்தபோது தொழுகையில் இருந்தவர்கள்மேல் மசூதிகள் விழுந்தன. புத்த மடங்கள் விழுந்தன. 1934இல் கட்டிய ஆவா பாலம் ஐராவதிக்குள் சரிந்தது. உன் பெரியம்மா மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தாய். பாத்திரம் கழுவிய கையில் யார் போய்ப் பாவத்தைத் தேடுவது? அவர் சொன்னதை உன் மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடு. அதைச் சுமக்க உனக்கு எந்தக் கடமையும் இல்லை.

இனி அந்த அட்டை. அதைப் பற்றி நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை வெட்டியவள் நான்தான்.

இருபது வருடங்களுக்கு மேலாக நவம்பர் மாதம் வந்தால் என் சாப்பாட்டு மேசையில் வண்ணத் தாள்கள் பரப்பியிருக்கும். இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம். கத்தரித்து, வசனம் எழுதி, ஓரத்தில் ஒரு பூ வரைந்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவேன். மாண்டலேயில் உங்கள் சபைக்கு வந்ததும் அப்படி ஒரு டின்தான். சிறிய அட்டையில் முழு வசனம் அடங்காது. ஆகவே நான் வசனத்தையும் கத்தரிப்பேன். எந்தப் பாதியை விடுவது என்று அதிகம் யோசித்ததில்லை. கேட்க இதமாக இருக்கும் பாதி தங்கும், மற்றது போகும். உன் அட்டையில் நான் விட்டுவிட்ட பாதி எது தெரியுமா? "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும்." வசனம் தொடங்குவதே அங்கேதான்.

உன் கடிதம் வந்த பிறகு நான் அந்த அதிகாரத்தை முழுவதும் உட்கார்ந்து வாசித்தேன். அடுத்த வசனம், 11ஆவது, யாரை அழைக்கிறது என்று பார்: "சிறுமைப்பட்டவளே, பெருங்காற்றில் அடிபட்டவளே, தேற்றரவற்றவளே." பாபிலோன் படை கி.மு. 586இல் இடித்துப் போட்ட எருசலேம் நகரத்தை ஒரு பெண்ணாகப் பாவித்து அவளோடு தேவன் பேசுகிறார். அவள் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. உன் கற்களை நான் மறுபடியும் வைப்பேன், நீலரத்தினத்தால் அஸ்திபாரம் போடுவேன் என்கிறார். இந்த வசனம் பிறந்த இடமே ஓர் இடிபாடு. உன் வீடு விழாது என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. மலையே நகர்ந்தாலும் என் கிருபை உன்னிடமிருந்து நகராது என்றுதான் சொன்னது. முன்பாதியை நான் வெட்டியதால், அவர் கொடுக்காத வாக்கு ஒன்று அவர் பெயரில் உன் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதே அநியாயத்தை எரேமியா 29:11க்கும் நாம் செய்திருக்கிறோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது! அதற்கு முந்திய வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதை அங்கே கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போய் எருசலேமைக் கண்ணால் காணப்போவதில்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். எழுபது வருஷமெல்லாம் வேண்டாம், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கூட்டத்தின் முன் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். அந்த மேடையில் கைதட்டு யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறாய்? எரேமியா முதலில், ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆசை இருப்பதாலேயே அது தேவனுடைய வாக்காகிவிடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அனனியா கெட்ட எண்ணத்தோடு பேசினானோ என்னவோ, ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தான் என்பதுதான் அவன்மேல் வந்த குற்றச்சாட்டு. நம்முடைய பிஸ்கட் டின்கள் நம்மை அனனியாவின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கின்றன என்று நான் இப்போது நினைக்கிறேன்.

சரி, அட்டையை ஒதுக்கிவிட்டால் என்ன மீதி இருக்கிறது? எதை வைத்து நம்புவது என்று கேட்டாய். அதே கேள்வியை உனக்கு முன் ஒருவர் கேட்டார். ஆதியாகமம் 15:8: "கர்த்தராகிய ஆண்டவரே, நான் அதைச் சுதந்தரித்துக்கொள்வேன் என்று எதினால் அறிவேன்?" இந்தத் தேசத்தை உனக்குத் தருவேன் என்று தேவன் சொன்னதற்கு இப்படிக் கேட்டவர் ஆபிரகாம், அப்போது அவர் பெயர் ஆபிராம். இதற்கு இரண்டு வசனம் முன்னால்தான் அவர் கர்த்தரை விசுவாசித்தார் என்றும் அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. விசுவாசித்தவர்தான் எதினால் அறிவேன் என்றும் கேட்கிறார். அவரைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கிடாரியும் வெள்ளாடும் ஆட்டுக்கடாவும் காட்டுப்புறாவும் புறாக்குஞ்சும் கொண்டுவா என்கிறார்.

அடுத்து நடப்பதைப் புரிந்துகொள்ள உனக்கு நம் ஊர்க் கதை ஒன்று தேவைப்படும். என் தாத்தா மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் கடையில், கணக்கு எழுதியவர். மேசையின் இந்தப் பக்கம் பணம் கொடுப்பவர், அந்தப் பக்கம் டெல்டாவிலிருந்து வந்த விவசாயி. புரோநோட்டு எழுதி முடித்ததும் ஸ்டாம்பின் மேல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? வாங்குகிறவன். கையெழுத்து தெரியாதவன் பெருவிரலை மையில் அழுத்தி வைப்பான். பணம் கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பேனாவைத் தாத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். நெல் விலை விழுந்த 1930களில் அந்தப் பெருவிரல் ரேகைகளுக்காக நிலங்கள் போயின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. 1942இல் அவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, பின்னால் வந்த அரசு அந்த நிலங்களையும் எடுத்துக்கொண்டது. அது வேறு கதை. நான் சொல்ல வருவது, உலகத்தின் ஒப்பந்தங்களில் பலவீனமானவன்தான் தன்னைக் கட்டிக்கொடுக்கிறான்.

ஆபிராம் காலத்து ஒப்பந்த முறை இன்னும் பயங்கரமானது. மிருகங்களை நடுவாகப் பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைத்து, வாக்குக் கொடுப்பவன் அவற்றின் நடுவே நடந்துபோவான். வாக்குத் தவறினால் இந்த மிருகத்தின் கதி எனக்கு ஆகட்டும் என்பது அதன் பொருள். எரேமியா 34:18இல் அந்த வழக்கம் தெளிவாகவே எழுதியிருக்கிறது: கன்றுக்குட்டியைத் துண்டித்து நடுவே கடந்துபோய் வாக்குக் கொடுத்தவர்கள், வாக்கை மீறியதால் அந்தக் கன்றைப் போலவே ஆக்கப்படுவார்கள். எபிரெய மொழியில் உடன்படிக்கை செய்தான் என்பதற்கு, உடன்படிக்கையை 'வெட்டினான்' என்றே சொல்வார்கள்.

ஆபிராம் வெட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். தேவன் வரவில்லை. பறவைகள் வருகின்றன. கிழவர் அவற்றைத் துரத்துகிறார். அந்த வசனத்தைப் பலர் வேகமாகக் கடந்துபோய்விடுவார்கள். நான் அங்கே நின்றுவிடுவேன். வெயில் ஏறுகிறது, இறைச்சி நாற ஆரம்பிக்கிறது, ஈ மொய்க்கிறது, ஒரு மனிதர் கம்போ துணியோ எடுத்துக்கொண்டு மாலை வரைக்கும் பறவை ஓட்டுகிறார். தேவன் சொன்ன ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகு கிடைத்தது அந்தப் பகல்தான். இப்போது உன் நாட்கள் அப்படி இருக்கின்றன என்றால், நீ உடன்படிக்கைக்கு வெளியே போய்விட்டதாக எண்ணாதே. அந்தப் பகலும் அதே அதிகாரத்துக்குள்தான் இருக்கிறது.

சூரியன் இறங்குகிறது. ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது, "திகிலும் காரிருளும்" அவரை மூடுகின்றன. அந்த இருளுக்குள் தேவன் முதலில் சொல்லும் செய்தி இனிப்பானது அல்ல: உன் சந்ததியார் தங்களுடையதல்லாத தேசத்தில் 400 வருஷம் உபத்திரவப்படுவார்கள். இதை ஒளித்து வைத்துவிட்டு அவர் வாக்குக் கொடுக்கவில்லை; கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் நடக்கவில்லை. அவர் படுத்துக் கிடக்கிறார். நடந்து போனது ஒரே ஒருவர். பெருவிரலை மையில் அழுத்த வேண்டியவன் தூங்கும்போது, பணம் கொடுப்பவர் குனிந்து தன் விரலை அழுத்துகிறார். வாக்குத் தவறினால் பிளக்கப்படுவது நான் என்று, பிளக்கப்பட முடியாதவர் சொல்லுகிறார்.

எதினால் அறிவேன் என்ற கேள்விக்கு வேதம் கொடுக்கும் பதில் இதுதான். நடக்கப்போகும் நல்ல சம்பவங்களின் பட்டியலை அவர் ஆபிராமிடம் நீட்டவில்லை. தம்மையே பிணையாக வைத்தார். எபிரெயர் 6ஆம் அதிகாரம் இதை அப்படியே எடுத்துச் சொல்கிறது: ஆணையிடுவதற்குத் தம்மிலும் பெரியவர் ஒருவரும் இல்லாததால் தேவன் தம்மைக்கொண்டே ஆணையிட்டார்.

என் பாட்டியின் தகரப் பெட்டியை நீ பார்த்ததில்லை. அடியில், பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி, நோட்டுக் கட்டு ஒன்று இருக்கும். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கப்பல் ஏறி மதராஸுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில். பாட்டி போகவில்லை. மறுபடியும் சேர்த்தார். 1985இல் மறுபடியும் செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் போயின; அந்த முறை மாற்றிக்கொள்ளக்கூட வழி இல்லை. எனக்கு நினைவிருக்கிறது, பாட்டி அன்று மாலை ஒரு 75 கியாட் நோட்டை விளக்குக்கு நேரே பிடித்து நீர்க்குறியைத் தேடினார். "கள்ள நோட்டு இல்லையே, நல்ல நோட்டுத்தானே" என்றார். நல்ல நோட்டுத்தான். தாள் நல்ல தாள், மை நல்ல மை. அதைக் கொடுத்தவர்கள் தங்கள் வாக்கை ஒரு ராத்திரியில் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் வளர்ந்த உனக்கும் எனக்கும் வாக்கு என்றாலே அந்த நோட்டின் ஞாபகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே உன் சந்தேகத்தை நான் அவிசுவாசம் என்று பெயரிட மாட்டேன். வாக்குக் கொடுத்தவர் யார் என்று பார்க்கக் கற்றுக்கொண்ட மக்கள் நாம். அதையே தேவன் விஷயத்திலும் செய். "பொய் சொல்ல தேவன் மனிதன் அல்ல; மனம் மாற அவர் ஒரு மனுபுத்திரனும் அல்ல" என்று எண்ணாகமம் 23:19 சொல்லும்போது அது மனிதர்களுடைய வாக்கைப் பார்த்துச் சலித்த காதுகளுக்குத்தான் சொல்கிறது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளை ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் 25 வருடங்கள். அதற்குள் பொறுக்க முடியாமல் வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெற ஒரு குறுக்கு வழியும் தேடினார். தேசம் உனக்கு என்ற வாக்கின் கதை இதைவிடவும் கடினம். அவர் 175 வயதில் இறக்கும்வரை அந்தத் தேசத்தில் அவர் விலைகொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் நிலம் ஒன்றுதான்: மனைவி சாராளை அடக்கம்பண்ண, எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும். "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு அவர் அந்தப் பேரத்துக்கு நிற்கிறார். இந்த ஊரிலேயே பிறந்தும் சாகும்வரை அந்நியர் பதிவு அட்டையை மடியில் கட்டிக்கொண்டிருந்த என் பாட்டி அந்த வசனத்தை வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வாக்குத்தத்த தேசத்தில் முதலில் கிடைத்த சொந்த நிலம் ஒரு கல்லறை. உன் பெரியம்மாவை மாண்டலே மண்ணில் வைத்துவிட்டு வந்த நீ அந்த வயலின் ஓரத்தில்தான் நிற்கிறாய். எபிரெயர் 11 அவர்களைப் பற்றிச் சொல்வது, வாக்குத்தத்தங்களை அடையாமலே, தூரத்திலே கண்டு, அவற்றை அணைத்துக்கொண்டு மரித்தார்கள் என்பதே. வாக்கின் நீளம் நம்முடைய ஆயுளைவிடப் பெரியது. நம்முடைய ஆயுளோடு அது முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் டிசம்பர் 31இல் எடுத்த அட்டை அடுத்த டிசம்பருக்குள் பலிக்க வேண்டும் என்று பார்க்கிறோம்.

பாட முடியவில்லை என்றாய். பாடாதே. வேதத்தில் பாட முடியாதவர்களுக்கென்றே சங்கீதங்கள் இருக்கின்றன. 89ஆம் சங்கீதத்தை எடு. தாவீதோடு செய்த உடன்படிக்கையைப் பற்றி அதைவிட உயரமாகப் பாடிய சங்கீதம் இல்லை. 37 வசனங்கள் வரை, உமது உண்மை தலைமுறை தலைமுறையாக, தாவீதின் சிங்காசனம் சூரியனைப்போல, சந்திரனைப்போல என்று ஏறிக்கொண்டே போகும். 38ஆவது வசனத்தில் தரை விலகிவிடும். நீர் எங்களைத் தள்ளிவிட்டீர், உமது அடியானோடு செய்த உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையில் தள்ளினீர் என்று நேருக்கு நேர் சொல்கிறது. 49இல், தாவீதுக்கு நீர் ஆணையிட்ட அந்தப் பழைய கிருபைகள் எங்கே என்று கேட்கிறது. அதற்குப் பதில் அந்தச் சங்கீதத்தில் வரவில்லை. அப்படியிருந்தும் அதை ஆலயத்தில் பாடினார்கள், பாதுகாத்தார்கள், நம் கைக்குக் கொடுத்தார்கள்.

இப்படிக் கேட்பது விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். என் கண்ணுக்கு நேர்மாறாகத் தெரிகிறது. பாட்டி அந்த 75 கியாட் நோட்டை எந்தப் பாங்கிக்கும் எடுத்துப் போகவில்லை, ஏனென்றால் கேட்டால் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். நம்பாதவன் கவுண்டருக்குப் போகமாட்டான். சங்கீதக்காரன் போகிறான், இது உம்முடைய கையெழுத்து, இதற்கு என்ன சொல்கிறீர் என்று கேட்கிறான். உடன்படிக்கை இல்லாவிட்டால் அவனுக்கு அப்படிக் கேட்க உரிமையே இல்லை. உறவினர் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து நீ கேட்ட கேள்வியும் அந்த உரிமையில்தான் வந்தது.

நம் பர்மாவில் இதை அறிந்த ஒருவர் இருந்தார். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஆகிவிட்டது. 1824இல் உங்கள் மாண்டலேக்கு அருகே, ஆவாவில், சிறையில் போட்டார்கள். மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை அவருடைய மனைவி ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவர் வெளியே வந்த சிறிது காலத்தில் அந்த மனைவி இறந்தார், சில மாதங்களில் கைக்குழந்தையும் இறந்தது. அதன் பின் அவர் காட்டுக்குள் ஒரு குடிசை கட்டி, தனக்கென்று ஒரு குழி தோண்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை நான் விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற கருத்தில் 1829இல் எழுதினார். பர்மிய வேதாகமத்தை அவர் முடித்தது 1834இல். அந்தக் குழியின் ஓரத்தில் கழிந்த நாட்களும் அந்த வேலையின் நடுவில்தான் இருக்கின்றன. அந்த நாட்களில் அவர் தேவனைப் பிடித்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, அவர் பிடிக்கப்பட்டிருந்தார்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதையே: "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்." உன்னுடைய நம்பிக்கையின் அளவைப் பொறுத்து உடன்படிக்கை நிற்பதாக இருந்தால் நாம் யாருமே தேறமாட்டோம்.

மேவிபோசேத்தை உனக்கு நினைவிருக்கும். படம் வரைந்து பாடம் சொன்னேன். அவன் ஊன்றுகோலுக்கு நீ சிவப்பு வர்ணம் பூசினாய். ஐந்து வயதில் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானவன். அப்பா யோனத்தான் போரில் செத்துவிட்டார், வீடு அழிந்துவிட்டது, லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறான். உன்னைப் போலவே, வேறொருவர் வீட்டில். அரண்மனையிலிருந்து ஆள் வந்தபோது தலையை எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நடுங்கியிருப்பான். தாவீது அவனைத் தேடியதற்குக் காரணம் அவனிடம் இல்லை. அவனுடைய அப்பாவோடு வயல்வெளியில் செய்த ஓர் உடன்படிக்கை. அதைச் செய்தபோது அவன் அங்கே இல்லை. அதைக் காப்பாற்ற அவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் ராஜாவின் பந்தியில் நித்தம் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டு, அதே வசனத்தில் அவனுக்கு இரண்டு காலும் முடம் என்று மறுபடியும் எழுதியிருக்கிறது. கால் குணமாகவில்லை. பந்தியில் அவனுக்கு இடம் இருந்தது.

உன் விஷயத்திலும் நீ பிறக்கும் முன்பே ஒருவர் துண்டங்களின் நடுவே நடந்து போனார். அன்று இருளில் ஜுவாலையாகக் கடந்தவர், பின்னொரு நாள் பகலிலே காரிருள் மூடியபோது, சிலுவையில் மெய்யாகவே பிளக்கப்பட்டார். வாக்குத் தவறியவர்கள் நாம், சாபத்தை வாங்கிக்கொண்டவர் அவர். அதற்கு முந்திய இரவில் பாத்திரத்தை எடுத்து, "என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை" என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கியவர்களில் ஒருவர் விடிவதற்குள் மூன்று தரம் மறுதலித்தார், மற்றவர்கள் ஓடிப்போனார்கள். அது தெரிந்தேதான் அந்தக் கையில் கொடுத்தார்.

ஆகவே அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு வா. பாட வேண்டாம், யாரிடமும் சாட்சி சொல்ல வேண்டாம். அந்த மனிதர் உட்காரும் வரிசைக்கு எதிர்ப்பக்கம் என்னோடு உட்கார். அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்கிக்கொள். கை நீட்டுவது மட்டும் போதும். சொல்ல வேண்டியதை அங்கே அவர் சொல்கிறார்.

மார்ச்சில் பெரியம்மாவின் ஓராண்டு நினைவு ஜெபம் வருகிறது. 89ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லி உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். 38ஆம் வசனத்திலிருந்து நீ வாசி. நடுவில் குரல் நின்றால் நான் தொடருவேன்.

பழைய அட்டையைக் கொண்டுவா, கிழித்துப் போட்டுவிடாதே. இந்த வருடம் நான் அளவை மாற்றிவிட்டேன். இப்போது அட்டைகள் உள்ளங்கை அகலம் இருக்கின்றன. உன் அட்டையில் பூ வரைந்திருக்கும் ஓரத்தில் இடம் கிடக்கிறது. "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும்" என்பதை அங்கே என் கையால் எழுதித் தருகிறேன்.